முதுகில் இரண்டு வெள்ளைக் கோடுகள்

இந்தப் பருவத்தின் முதல் பிள்ளையை இன்று காலை 6.20க்குப் பார்த்தேன். இரவில் எப்போது வந்து இறங்கியதோ, எவ்வளவு நேரமாக அங்கே நின்றதோ. சேற்றுத் திட்டின் ஓரத்தில், கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைகள் 14 குனிந்த தலை நிமிராமல் கொத்திக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் முதுகு மட்டும் பளிச்சென்று இருந்தது. மற்ற 13ம் சாயம் போன துணி மாதிரி. இது கடையிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்தது போல, ஒவ்வொரு இறகின் விளிம்பிலும் செம்பழுப்புக் கரை போட்டு, முதுகின் இரண்டு பக்கமும் இறங்கி வந்து சேரும் இரண்டு வெள்ளைக் கோடுகளோடு இருந்தது. ஆங்கில 'வி' எழுத்தைத் தோளில் மாட்டிக்கொண்ட மாதிரி. ஸ்கோப் என்ற தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே நோட்டில் எழுதினேன்: இளம்பறவை, 1.

நான் பிழை திருத்துகிறவள். வாரம் முழுவதும் மற்றவர்கள் எழுதியதில் ஒற்றும் காற்புள்ளியும் தேடுவதுதான் பிழைப்பு. ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை சனிக்கிழமை காலைகள் மட்டும் இந்தச் சதுப்பு நிலத்துக்கு. இது ஒன்பதாவது வருடம். பெரிய இடமில்லை. ஒரு பக்கம் மண்கரை, மறுபக்கம் கோரைப்புல், நடுவில் ஆழமில்லாத தண்ணீர். மதகுக்குப் பக்கத்தில் தண்ணீர் வடிந்து சேறு தெரியும் இடம் ஒன்று இருக்கிறது. கரைப்பறவைகளுக்கு வேண்டியது அந்தச் சேறும், அதன்மேல் நான்கு விரல் தண்ணீரும்தான். தண்ணீர் ஒரு சாண் ஏறினால் நெடுங்கால் உள்ளானும் மூக்கன்களும் மட்டும் நிற்கும். சின்னவை எல்லாம் போய்விடும். சேறு காய்ந்து வெடித்தாலும் போய்விடும். இந்த நடுநிலை சில வாரங்கள்தான் நிலைக்கிறது. அந்தச் சில வாரங்களில் பறவையும் வந்து சேர வேண்டும்.

எனக்குப் பறவை பார்க்கச் சொல்லிக்கொடுத்தவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். நில அளவை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவார். முதல் வருடம் எனக்கு இங்கே தெரிந்தவை இரண்டே வகை: பழுப்பாக இருக்கும் சின்னப் பறவை, பழுப்பாக இருக்கும் கொஞ்சம் பெரிய பறவை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நிறம் தேடித் தேடி ஏமாந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அவர் புத்தகத்தை வாங்கித் தன் பைக்குள் வைத்துவிட்டார்.

"நிறத்தை விடும்மா. காலு எவ்வளவு நீளம், மூக்கு தலைய விட எவ்வளவு நீளம், நடை எப்படி. இந்த மூணையும் எழுது. பேர அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த மூன்றில் நடைதான் எனக்கு முதலில் கைவந்தது. உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், கொத்தும், மறுபடி ஓடும். அதற்குக் கண் பெரியது. இரையைக் கண்ணால் பார்த்துத்தான் எடுக்கிறது. உள்ளான்களில் பலவும் அப்படியில்லை. தையல் இயந்திரத்தின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே நகரும். கண்ணுக்குத் தெரியாததை அலகின் நுனியால் உணர்ந்து எடுக்கும். அந்த நுனியில் அழுத்தத்தை அறியும் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. நீளமூக்குள்ள பல வகைகளால், அலகின் மற்ற பகுதி மூடியிருக்க நுனியை மட்டும் மேலே தூக்கித் திறக்கவும் முடியும். சேற்றுக்குள் மூக்கு முழுவதும் புதைந்திருக்கும்போதே புழுவைப் பிடிப்பது அப்படித்தான். இதைத் தெரிந்துகொண்டபின், தூரத்தில் புள்ளியாகத் தெரியும் பறவைகூட ஓடி நிற்கிறதா, குத்திக்கொண்டே போகிறதா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

மீதிப் பாதிதான் கஷ்டம். தனித்தனியாகத் திரியும் மூன்று உள்ளான்கள் எல்லோரையும் படுத்தும். முதலாவது, வெறுமனே உள்ளான் என்றே நாம் சொல்லும் காமன் சாண்ட்பைப்பர். பின்புறத்தை ஆட்டிக்கொண்டே நடக்கும். மார்பின் பழுப்புக்கும் சிறகுக்கும் நடுவே வெள்ளை ஒரு ஆப்பு மாதிரி மேலேறி நிற்கும். அந்த ஆப்பைப் பார்த்துவிட்டால் வேறு எதுவும் பார்க்க வேண்டாம். மற்ற இரண்டு, பொரி உள்ளானும் கிரீன் சாண்ட்பைப்பரும். பொரி உள்ளானுக்கு முதுகெல்லாம் பொரி தூவிய மாதிரி புள்ளிகள். வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். கிரீன் சாண்ட்பைப்பர் இன்னும் கருத்தது, புருவம் கண்ணோடு நின்றுவிடும். இதெல்லாம் படத்தில் சுலபம். கானல் ஆடும் வெளிச்சத்தில் 80 மீட்டர் தூரத்தில் புருவம் எங்கே முடிகிறது என்று பார்ப்பது பெரும்பாடு.

அதற்குச் சார் சொன்ன வழி, பறக்கும்வரை காத்திருப்பது. கிரீன் சாண்ட்பைப்பர் எழும்பினால் சிறகின் அடிப்பக்கம் கரியாகத் தெரியும், பின்முதுகின் வெள்ளை கண்ணில் அறையும். பொரி உள்ளானின் சிறகடி வெளிறியிருக்கும். காமன் சாண்ட்பைப்பர் சிறகை முழுதாக உயர்த்தாமலே, விறைப்பாகப் படபடவென்று அடித்துத் தண்ணீரை ஒட்டிப் போகும். கூடவே குரலும் வரும். பொரி உள்ளான் 'சிஃப்-இஃப்-இஃப்' என்று கிறீச்சிட்டுக்கொண்டு போகும். இந்த மூன்றில் சேராத பச்சைக்காலி 'டியூ-டியூ-டியூ' என்று மூன்று முறை, எல்லோருக்கும் கேட்கட்டும் என்பது போல. காத்திருப்பது என்றுதான் சொன்னேன். கல்லெறிந்தோ கை தட்டியோ எழுப்பச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உடம்பு அது. தின்று தேற்றிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதற்குக் கணக்கு. நல்ல படம் வேண்டுமென்று கூட்டத்தை நோக்கி நடந்து போகிறவர்களை இங்கே அடிக்கடி பார்க்கிறேன். கூட்டம் எழும்பும், சுற்றும், இறங்கும். அவர்கள் மறுபடி நடப்பார்கள். அவர்களிடம் போய்ச் சொல்வேன், கோபமில்லாமல்தான். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள்.

சரி, பெயர் கண்டுபிடிப்பதோடு என் ஆர்வம் நின்றிருந்தால் ஒன்பது வருடம் வந்திருப்பேனா தெரியவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒன்று. அது ஒரு தவறிலிருந்து வந்தது.

மூன்றாவது வருடம். இதே மதகு. கொசு உள்ளான்களில் கால் கறுப்பாக இருந்தால் லிட்டில் ஸ்டின்ட், மஞ்சளோ பச்சையோ கலந்திருந்தால் டெம்மின்க் ஸ்டின்ட் என்று படித்திருந்தேன். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் டெம்மின்க் என்று நோட்டை நிரப்பினேன். ஒரு நாள் 22கூட எழுதியிருக்கிறேன். சாருக்குச் சந்தேகம். டெம்மின்க் அப்படிக் கூட்டமாக நிற்கிற பறவையில்லை என்றார். ஸ்கோப்பை 60 மடங்குக்குத் திருகி அரைமணி நேரம் ஒரே பறவையைப் பார்க்கவைத்தார். அது தெளிந்த தண்ணீருக்குள் நடந்து வெளியே வந்தபோது கால் கறுகறுவென்றிருந்தது. நான் அத்தனை நாளும் எழுதிவைத்தது, காய்ந்த சேற்றின் நிறத்தை.

அன்றைக்கு எனக்கு மிகவும் வருத்தம். இரண்டு மாதக் குறிப்புகளையும் ஒரு கோடு போட்டு அடித்தேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "காலப் பாத்தது போதும். இப்ப முதுகப் பாரு" என்றார்.

முதுகைப் பார்த்தேன். பாதிப் பறவைகளின் முதுகு தேய்ந்து, விளிம்புகள் கிழிந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சாம்பல் நிறப் புது இறகு முளைத்துக் கிடந்தது. மற்ற பாதியில் எல்லா இறகும் ஒரே வயது, ஒரே ஒழுங்கு, மீன் செதில் அடுக்கின மாதிரி. அந்த இரண்டு வெள்ளைக் கோடுகள்.

"தேஞ்சது பெருசு. புதுசு பிள்ளைங்க. ஜூலையில பொறந்தது. அப்பா அம்மா எல்லாம் முன்னாடியே கிளம்பியாச்சு. இதுங்க தனியா வந்திருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று திரும்பக் கேட்டேன். தனியாகத்தான். ஆர்க்டிக் தூந்திரத்தில், அந்த மரமில்லாத வடதுருவச் சமவெளியில், முட்டையிலிருந்து வெளிவந்த ஒரு நாளுக்குள் குஞ்சு கூட்டைவிட்டு இறங்கிவிடும். யாரும் ஊட்டமாட்டார்கள், பூச்சியைத் தானே பிடித்துத் தின்ன வேண்டும். பெற்றவர்கள் செய்வதெல்லாம் குளிருக்கு அணைத்துக்கொள்வது, நரி வந்தால் எச்சரிப்பது. கர்லூ சாண்ட்பைப்பர் என்ற இன்னொரு உள்ளானில் ஆண் அதுவும் செய்வதில்லை. இணை சேர்ந்து, பெண் அடைகாக்க உட்கார்ந்ததும் தெற்கே கிளம்பிவிடும். பிள்ளைகள் தேறியதும் பெண் கிளம்பும். பிள்ளைகள் கடைசி. என் நோட்டில் இது வருடாவருடம் அப்படியே பதிவாகிறது: ஜூலை கடைசியில் செங்கல் நிறம் இன்னும் வெளுக்காத பெரியவை, ஆகஸ்ட் முழுக்கத் திட்டுத்திட்டாகச் சாம்பல் ஏறியவை, ஆகஸ்ட் முடிந்து செப்டம்பரில் மார்பில் பீச் பழ நிறம் தடவிய இளசுகள். மூன்று அலை.

வழி எப்படித் தெரியும்? பெர்டெக் என்ற டச்சு ஆய்வாளர் 1958இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அது கரைப்பறவையைப் பற்றியது இல்லை, மைனாவின் உறவான ஸ்டார்லிங்கைப் பற்றியது. நெதர்லாந்து வழியாக வலசை போய்க்கொண்டிருந்த 11,000க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங்குகளைப் பிடித்து, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார். பெரியவை திசையைத் திருத்திக்கொண்டு தங்கள் வழக்கமான இடத்துக்குப் போயின. இளசுகள் தாங்கள் போய்க்கொண்டிருந்த அதே திசையிலேயே பறந்து, ஸ்பெயின் பக்கம் போய் இறங்கின. அதாவது இளம்பறவைக்குப் பிறக்கும்போதே கையில் இருப்பது ஒரு திசையும், தோராயமாக ஒரு தூரமும்தான். போய்ச் சேரும் இடம் எப்படி இருக்கும் என்பது அதற்குத் தெரியாது. இன்று காலை நான் பார்த்த பிள்ளைக்கு வயது இரண்டு மாதம் இருக்கும். எடை 25 கிராம் சொச்சம். பெரியவை இந்தச் சேற்றைப் போன வருடமும் பார்த்திருக்கலாம். இதற்கு இங்கே எல்லாமே முதல் தடவை.

இந்தச் சின்ன உடம்புகளைச் சொல்லும்போது பட்டைவால் மூக்கன் என்ற நீளமூக்குக் கரைப்பறவையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2022 அக்டோபரில், பி6 என்று பெயரிட்டு, செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஓர் இளம்பறவை அலாஸ்காவில் எழும்பி, எங்கும் இறங்காமல் 11 நாள் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. 13,560 கிலோமீட்டர். அதற்கு அப்போது வயது ஐந்து மாதம். நீரில் மிதந்து இளைப்பாறும் பறவையும் அல்ல அது. இப்படிப்பட்ட பயணத்துக்கு முன்னால் மூக்கன்கள் உடம்பில் பாதிக்கு மேல் கொழுப்பாக ஏற்றிக்கொள்கின்றன. பாரத்தைக் குறைக்க இரைப்பையும் குடலும் ஈரலும் சுருங்கிவிடுகின்றன. இறங்கிய இடத்தில் அவை மறுபடி வளர்ந்த பிறகுதான் ஒழுங்காகத் தின்ன முடியும்.

சார் முதுகைப் பார்க்கச் சொன்ன அன்றிலிருந்து நான் இரண்டு எண்கள் எழுதுகிறேன்: மொத்தம், அதில் இளசு. பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் பட்டியல் போடும்போதும் வயதைத் தனியாகக் குறித்துவிடுகிறேன். பட்டியலில் வகைகள் ஏறுவதைவிட இந்த இரண்டாவது எண் எனக்கு முக்கியம். ஏனென்றால் அது இந்தச் சேற்றைப் பற்றிய செய்தி இல்லை, தூந்திரத்திலிருந்து வரும் செய்தி.

1987இல் சம்மர்ஸ், அண்டர்ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையைச் சார்தான் எனக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார். தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம் கழிக்கும் கர்லூ சாண்ட்பைப்பர்களில் இளசுகளின் விகிதம் சில வருடம் நிறைய, சில வருடம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஏறக்குறைய மூன்று வருடத்துக்கொரு சுற்று. காரணம் சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்தில், லெம்மிங் என்ற எலி மாதிரிப் பிராணி. லெம்மிங் பெருகிய வருடத்தில் துருவ நரிகளுக்கு அதுவே வயிறு நிறையும். உள்ளானின் முட்டையும் குஞ்சும் தப்பிக்கும். அடுத்த வருடம் லெம்மிங் திடீரென்று குறைந்துபோனால், பெருகிவிட்ட நரிகள் கூடுகளைத் தேடிப் போகும். எங்கோ ஒரு எலி குறைந்தால் இந்தச் சேற்றில் வெள்ளைக் கோடுகள் குறையும்.

ஆறாவது வருடம் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. செப்டம்பர் முழுக்க ஒரே ஒரு இளம் கர்லூ சாண்ட்பைப்பர். தேய்ந்த முதுகுகளாகவே எண்ணிக்கொண்டு போனேன். என் ஒரு மூலையின் கணக்கை வைத்து லெம்மிங்கைச் சொல்லிவிட முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வருடத்து நோட்டைத் திறந்தால் மனசு கனக்கிறது.

இப்போது கவலை வேறு மாதிரியும் இருக்கிறது. 2016இல் வான் கில்ஸும் மற்றவர்களும் சிவப்பு நாட் என்ற பறவையைப் பற்றி எழுதினார்கள். தைமிரில் பனி முன்னதாகவே உருகுகிறது. பூச்சிகள் உச்சத்தில் இருக்கும் நாட்கள் கடந்துபோன பிறகு குஞ்சு வளர்கிறது. வளர்ந்த இளசுகள் உருவத்தில் சின்னதாக, அலகு கட்டையாக ஆகிவிடுகின்றன. குளிர்காலத்துக்கு மொரிட்டானியக் கரைக்குப் போனால் அங்கே நல்ல சிப்பிகள் ஆழத்தில் இருக்கின்றன; கட்டை மூக்குக்கு எட்டுவதில்லை. பிழைப்பவை குறைவு. சில மில்லிமீட்டர் அலகு. மூக்கைத் தலையோடு ஒப்பிட்டு எழுதச் சொன்ன சாரின் பேச்சு எனக்கு இதைப் படித்தபோது வேறு மாதிரி கேட்டது.

உப்புக்கொத்திகளைப் பற்றியும் எழுத ஆசைதான். லெஸ்ஸர் சாண்ட் ப்ளோவர் என்று நாங்கள் எழுதிக்கொண்டிருந்ததை இப்போது சைபீரிய, திபெத்திய என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். என் பழைய பதிவுகளில் எது எது என்று பிரிக்கவே முடியாது. அது ஒரு தனிப் பதிவாக வரட்டும்.

கொடி ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்காகப் பிடித்து வளையமிட்ட பறவைகளின் காலில் சின்ன நிறக்கொடி மாட்டியிருப்பார்கள். நிறத்தையும் எழுத்துகளையும் சேர்த்துப் படித்தால் எங்கே மாட்டியது என்று கண்டுபிடிக்கலாம். போன வருடம் ஆகஸ்டில் ஒரு கர்லூ சாண்ட்பைப்பரின் காலில் கொடி தெரிந்தது. முதல் எழுத்தும் இரண்டாவதும் தெளிவாக இருந்தன. மூன்றாவதன்மேல் சேறு. ஒரு மணி நேரம் நின்றேன். அது தண்ணீரில் இறங்கும்போதெல்லாம் கொடி மூழ்கும், ஏறும்போதெல்லாம் சேறு ஒட்டும். பிறகு பூனைப்பருந்து ஒன்று கோரைக்குமேல் தாழ்வாக வர, அத்தனையும் ஒரே உடம்பாக எழும்பிப் போயின. மூன்றாவது எழுத்தை ஊகித்து அனுப்பலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிழை திருத்துகிறவள் செய்யக்கூடாத காரியம் அது. தெரிந்த இரண்டு எழுத்தை மட்டும் எழுதி, மூன்றாவதற்குக் கேள்விக்குறி போட்டுவிட்டேன்.

இன்றைக்குத் திரும்ப வருகிறேன். அந்த ஒரு பிள்ளைக்குப் பிறகு இன்னும் மூன்று கண்ணில் பட்டன. 7.40க்கு அவற்றில் ஒன்று நான் உட்கார்ந்திருந்த பக்கமாகவே நடந்து வந்தது. நான் கரைச்சரிவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தேன். பெரியவை அவ்வளவு கிட்டே வருவதில்லை. ஆளைப் பார்த்துப் பழகாத இளசுகள் வரும். எட்டு மீட்டர், ஆறு மீட்டர். ஸ்கோப் அதற்குமேல் குவியவில்லை, பைனாகுலருக்கு மாறினேன். புருவம் நெற்றிப் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்து போவது தெரிந்தது. கால் கறுப்பு, இந்த முறை சந்தேகமே இல்லை. ஒவ்வொரு குத்துக்கும் சேற்றில் ஒரு ஊசித் துளை. அது நகர்ந்தபின் பார்த்தால் அதன் காலடித் தடத்துக்கு நடுவில் துளைகள் மட்டும் வரிசையாக. கொஞ்ச நேரத்தில் நின்று, ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, தலையைப் பின்னால் திருப்பி அலகை முதுகிறகுக்குள் செருகியது, அந்த இரண்டு கோடுகளும் சேரும் இடத்தில். ஒரு கண் திறந்தே இருந்தது. மூடியது. திறந்தது.

எட்டரைக்குக் கானல் ஏறிவிட்டது. அது எழுந்திருக்கும்வரை நான் எழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சார் போன் செய்தார். இரண்டு வருடமாக அவருக்குக் கண் சரியில்லை, வருவதில்லை. சனிக்கிழமை பத்து மணிக்குத் தவறாமல் கூப்பிடுவார். என்ன பார்த்தாய், எத்தனை வகை என்றெல்லாம் கேட்கமாட்டார்.

"பிள்ளைங்க வந்தாச்சா?"

"வந்தாச்சு சார். லிட்டில் ஸ்டின்ட் மொத்தம் முப்பத்தொண்ணு. அதுல நாலு."

"நாலா..." என்று கொஞ்சம் நிறுத்தினார். பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவரும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். "முதல் வாரந்தானேம்மா. எழுதிக்கிறேன். கர்லூ?"

"ஏழு. எல்லாம் பெருசு."

"அடுத்த வாரம் பாரு" என்றார்.